ஓடையோரக் கொல்லையின் இரண்டு பங்கு

எழுபதுகளின் கடைசியில்கூட எங்கள் மலையில் நிலத்தை ஏக்கரில் சொல்ல மாட்டார்கள். எத்தனை படி சாமை விதைக்குமோ அதுதான் அளவு. தாத்தா போன பிறகு அப்பாவும் சித்தப்பாவும் ஓடையோரக் கொல்லையைக் கண்மதிப்பில் இரண்டாக்கி, ஆளுக்கு ஒரே அளவு விதையோடு இறங்கினார்கள். சித்தப்பாவுக்கு விதைத்து முடிப்பதற்குள் விதை தீர்ந்துவிட்டது. அப்பாவுக்கு மிஞ்சியது. தம்பி பங்குதான் பெரிசு என்று அப்பா அன்றே முடிவுகட்டிவிட்டார். அப்பா இறைத்தால் விதையை எண்ணிவிடலாம், சித்தப்பா அள்ளி வீசுவார் என்பது ஊருக்கே தெரியும். அவர்களுக்கு மட்டும் அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. சித்தப்பா மகளோடு நான் விளையாடுவதும் நின்றது. எனக்கு அதுதான் பெரிய துக்கம்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, வேலூரில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. கணக்குப் படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு வந்தவள் விஷயத்தைக் கேட்டாள்.

"வெதைய வச்சி இன்னாத்த அளக்கறது? நானே அளந்து தர்றேன்" என்று மூங்கில் கழியோடு கிளம்பினாள். நானும் ஒட்டிக்கொண்டேன்.

கொல்லையின் மேல்பக்கம் நேரான கல்வரப்பு. கீழ்ப்பக்கம் ஓடை தன் இஷ்டத்துக்கு வளைந்து போகும். அத்தை கொல்லையைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் ஓடை நேராகப் போவதாக வைத்துக்கொண்டு, குச்சியால் மண்ணில் கணக்குப் போட்டாள். திருப்தியில்லை. பட்டைகளைப் பாதி அகலமாக்கி மறுபடி அளந்தாள். விடை கொஞ்சம் மாறியது. இன்னும் ஒடுக்கினாள். இந்த முறை அதைவிடக் கொஞ்சமாக மாறியது. எனக்கு வெயிலும் பசியும் தாங்கவில்லை.

"எப்பதான் அத்த கரெக்டா வரும்?"

"கரெக்டா வராதுடி. நெருங்கினே போலாம், அவ்ளோதான். ரெண்டு பேரும் கம்முனு இருக்கற அளவுக்கு வந்தா போதும்."

கடைசியில் பார்த்தால் அப்பாவின் பங்குதான் ஒரு முழ அகலம் அதிகம். அத்தை இருவரையும் கூப்பிட்டு, நடுக்கல்லை எங்கே நகர்த்த வேண்டும் என்று காட்டினாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சித்தப்பா சிரித்துவிட்டார்.

"வுடுண்ணா. ஒரு மொழத்துல இன்னா வெளைஞ்சிடப் போவுது? கல்லு அங்கியே இருக்கட்டும்."

அன்று இரண்டு பேரும் எங்கள் வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து களி சாப்பிட்டார்கள். தங்கச்சி படிச்ச படிப்பு வீண்போகவில்லை என்று அப்பா பெருமையாகச் சொன்னார். அத்தை இருவருக்கும் பரிமாறினாள்.

ஓடை வளைவில் ஒரு கைப்பிடி மண்கூட யாருக்கும் குறையக்கூடாது என்று பகலெல்லாம் வெயிலில் நின்றவள், தாத்தாவுக்கு மூன்றாவது பிள்ளை. கொல்லையை ஏன் இரண்டால் வகுக்க வேண்டும் என்று அண்ணன்களுக்குத் தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லை. எனக்கு அதெல்லாம் எங்கே புரிந்தது? வழி திறந்துவிட்டது என்று சித்தப்பா வீட்டுக்கு விளையாட ஓடிவிட்டேன்.