பிரேக் அக்கா

“கண்ணாடியைப் பாருங்க. உங்க மூஞ்சியை இல்ல, பின்னாடி வர்றவனை.”

ஆஸ்பத்திரிக்குப் போக என் காரில் ஏறி பெல்ட்டை மாட்டுவதற்குள் பிரேக் அக்கா தொடங்கிவிட்டார். அவரிடம் நான் கார் ஓட்டக் கற்றுப் பல வருடங்களாகின்றன. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியை விட்டு அவர் விலகியும் வெகுநாளாயிற்று. இருந்தாலும் ஸ்டியரிங் பிடித்தவர் யாரானாலும் அவருக்கு மாணவர்தான்.

பயிற்சிக் காரில் ஆசிரியரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அக்கா அதை லேசில் தொடமாட்டார். “நான் மிதிச்சா நீங்க எப்பக் கத்துக்கிறது?” என்பார். மிதித்தால் சரியான நொடியில் மிதிப்பார். அந்தப் பெயர் அப்படி வந்தது.

ஒருநாள் மிதிக்க நினைத்தார், கால் அசையவில்லை. முன்னால் போன சைக்கிள்காரர் சாலையோரம் விழுந்தார். நல்லவேளையாக முழங்கைச் சிராய்ப்போடு தப்பினார். அன்று மாலையே அக்கா சாவியை முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். “மூளை சொல்லுது, காலுக்குக் கேக்கல. அந்தக் காலை நம்பி இன்னொருத்தர் உயிரை எப்படி வெக்கிறது?”

நோய்க்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயர் சொன்னார்கள். உடம்பைக் காக்க வேண்டிய செல்களே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் உறையை அரித்துவிடுகிற நோய். அவற்றில் பி செல்கள் என்று ஒரு வகை, மற்ற செல்களை நரம்பின்மேல் ஏவிவிடுகிறது என்று டாக்டர் விளக்கியிருக்கிறார். அக்கா அதைத் தன் பாணியில் சொல்வார்: “அடிக்கிறவன் வேற ஆளு. கோள்மூட்டுறவன் இவன். எங்க பெரிய நாத்தனார் மாதிரி.”

வருடத்துக்கு இரண்டுமுறை மருந்தேற்றி அந்தக் கோள்மூட்டிகளை ஒழிக்கிறார்கள். அதன்பிறகு புதிதாக எதுவும் கெடவில்லை. போன கால் போனதுதான். ஆனால் கிருமிகளை எதிர்க்கும் வேலையிலும் பாதி அந்த பி செல்களுடையதுதான். அதனால் பேருந்தில் யாராவது இருமினால் அக்கா இறங்கி அடுத்ததற்குக் காத்திருப்பார்.

போன தடவை மருந்தேற்றிய கொஞ்ச நாளில் அவர் கணவருக்கு நுரையீரலில் கடுமையான தொற்று. செருப்புக் கடையில் விற்பனையாளர். அதிர்ந்து பேசாத மனிதர். ஆஸ்பத்திரியில் அவர் அருகே போகவே கூடாது என்று டாக்டர் அக்காவைத் தடுத்துவிட்டார். கணவரும் போனில் அதையேதான் சொன்னார்: “நீ வராத. ரெண்டு பேரும் படுத்துட்டா யாரு யாரைப் பாக்கிறது?”

அவர் திரும்பி வரவில்லை.

“கண்ணாடிக் கதவுக்கு வெளியில நின்னேன். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாரு. கூப்பிட்டாலும் கேக்காது.” வண்டி சிக்னலில் நின்றபோது அக்கா சொன்னார். “உள்ள போயிருக்கலாம். போயிருந்தா திட்டியிருப்பாரு. திட்டிட்டாவது போயிருப்பாரு.”

“இந்தத் தடவை மருந்து வேண்டாம்னு தோணலையாக்கா?” என்று கேட்டேன்.

“தோணாம என்ன. ஆனா நான் நல்லாயிருக்கணும்னுதானே அவரு என்னை வராதன்னாரு. பச்சை விழுந்துடுச்சு, எடுங்க.”

மருந்தேற்றும் அறையில் நர்ஸ் அவருடைய வலது கையில் நரம்பைத் தட்டித் தேடினார். ஊசி என்றால் அக்காவுக்கு இன்னும் பயம். கணவர் எப்போதும் இடப்பக்கம் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வாராம். ஊசி நெருங்கியதும் அக்கா கண்ணை இறுக மூடினார். இடது கை தானாக வெளியே நீண்டு, விரல்கள் விரிந்து, கொஞ்சநேரம் அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கிப் போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.