பன்னிரண்டுக்கு விடை நாளை வரும்

அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை அச்சிட்டுத் தருபவர், பிறப்பு, கல்வி, பணி, குணநலன், இறுதிக்காலம், நன்றி என்று வரிசையாக எழுதித் தரும்படி கேட்டார். வாழ்நாளெல்லாம் அரசாங்கப் படிவம் நிரப்பியவன் நான். வரிசையை மீறத் தெரியாது. ஓரிடத்தில் மட்டும் சற்றுக் கூடுதலாக நின்றுவிடுவேன். உறவினர்கள் பொறுத்தருள வேண்டும்.

அக்கா மலாக்காவில் மஸ்ஜித் தானா ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தார். அப்பா பால்மரம் சீவியவர். அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினொரு வயது, எனக்கு ஆறு. அன்றிலிருந்து தொழிலாளர் லயத்து வீட்டில் உலை வைத்தவர் அவர்தான். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பு முடித்து அங்கேயே ஆசிரியையானார். என்னை மலாக்கா டவுன் ஆங்கிலப் பள்ளியில் சேர்க்க அப்பாவோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தார். நான் டவுனில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிராணியானேன், எழுத்தர் வேலை. அந்த நியமனக் கடிதத்தை அக்கா தம் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தார்.

பிறகு கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இறங்க, வெள்ளைக்கார அரசாங்கத்தின் அவசரகாலம் வந்தது. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி ஏறியது. காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, வேலைக்குப் போகும் ஒவ்வொருவரையும் கேட்டில் நிறுத்திச் சோதித்தார்கள். பள்ளிக்கூடம் கம்பிக்கு வெளியே இருந்ததால் அக்காவும் தினம் அந்த வரிசையில் நின்றார். நான் நினைத்தபோதெல்லாம் போய்ப் பார்த்து வர முடியவில்லை.

எங்களுக்குள் போக்குவரத்து, தமிழ்ப் பத்திரிகையில் தினமும் வந்த குறுக்கெழுத்துப் புதிர் வழியாகத்தான் நடந்தது. அக்கா கட்டங்களை நிரப்புவார். தெரியாதவற்றைத் துண்டுச் சீட்டில் எழுதி, ரப்பர் ஷீட் ஏற்றி டவுனுக்கு வரும் லாரியை ஓட்டிய மணியம் அண்ணனிடம் கொடுத்தனுப்புவார். அகராதியைப் புரட்டி நான் எழுதும் விடை, மாலையில் அதே லாரியில் திரும்பும்.

"ரெண்டு பேரும் தபால்காரனுக்கு வேலை இல்லாம பண்ணிட்டீங்க லா," என்பார் மணியம் அண்ணன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சீட்டைச் சட்டைப்பையில் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டிக்கொள்வார்.

அக்கா கேட்ட சொற்களில் பாதி அவருக்கே தெரிந்தவை என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. தம்பி கையெழுத்து தினம் ஒன்று வர வேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் நான் அனுப்பிய சீட்டு இது. இன்றும் ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது.

இடமிருந்து வலம் 1, காடு.
மேலிருந்து கீழ் 4, அரிசி.
வலமிருந்து இடம் 9, தலை போய்விட்டது.
கீழிருந்து மேல் 12, தெரியவில்லை. நாளை வரும்.

புதிர் போடுகிறவர்களுக்குத் தலை போவது என்றால் சொல்லின் முதலெழுத்து இல்லை என்று பொருள். மறுநாள் காலை கேட்டில் அக்காவின் பையைச் சோதித்தவர்களுக்கு அது வேறாகப் பட்டது. போலீஸ் நிலையத்து மொழிபெயர்ப்பாளர் நம்மவர். பிழை எதுவும் செய்யவில்லை. காடு, அரிசி, தலை போனது, நாளை வருவது, வலம், இடம் எல்லாவற்றையும் அச்சுப் பிசகாமல் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார்.

சீட்டில் என் பெயர் இல்லை. எதிலும் தேவையில்லாமல் கையெழுத்திடக் கூடாது என்பது அலுவலகத்தில் நான் கற்ற முதல் பாடம்.

"யாரு எழுதிக் குடுத்தது?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"நாந்தான்," என்றிருக்கிறார் அக்கா. எழுதிக் காட்டச் சொன்னார்கள். கையெழுத்து ஒத்துவரவில்லை. அதற்குமேல் அவர் வாய் திறக்கவில்லை. புதிர் என்று சொன்னாலும் விடை எழுதியது யார் என்றுதான் கேட்பார்கள், என் பெயரைச் சொன்னால் என் வேலை போய்விடும் என்று நினைத்தார்.

அன்று மாலையே மணியம் அண்ணன் என் அலுவலக வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, அக்காவப் புடிச்சி வெச்சிருக்காங்க. வா, லாரியில ஏறு. நீ வந்து சொன்னா விட்டுருவாங்க."

"அண்ணே, அரசாங்க ஊழியன் மேலதிகாரி அனுமதி இல்லாம போலீசுல வாக்குமூலம் குடுக்கக் கூடாது. விதி இருக்கு. நாளைக்கே எழுதிப் போடுறேன்."

அவர் லாரியின் கதவைத் திறந்தார். "உள்ள இருக்கறது உங்கக்கா லா," என்றார். பிறகு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விதி எண்ணைக் குறிப்பிட்டு மூன்று பிரதிகளில் விண்ணப்பம் எழுதினேன். பிழையே இல்லாத விண்ணப்பம். அதிகாரி விடுப்பில் இருந்தார். அவருக்குப் பதிலாக இருந்தவருக்கு அந்த அதிகாரம் இல்லை. மூன்றாம் நாள் மணியம் அண்ணன் தாமாகவே நிலையத்துக்குப் போய், "அது பேப்பர்ல வர்ற வெளையாட்டுங்க," என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சீட்டையே நீட்டி வாசிக்கச் சொன்னார்கள். அவரால் முடியவில்லை. இரண்டு அறை கொடுத்து, ஒருநாள் முழுக்க உட்கார வைத்து அனுப்பினார்கள்.

எனக்கு அனுமதி பத்தொன்பதாம் நாள் கிடைத்தது. விடை வெளியான பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு போனேன். மொழிபெயர்ப்பாளர் கட்டங்களையும் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"இந்தப் பேப்பர் அடுத்த நாளே வந்திருச்சே கிராணி. ஏன் இவ்வளவு நாளு?"

"அனுமதி இன்னிக்குத்தான் வந்துச்சு."

"நான் அனுமதியப் பத்திக் கேக்கலையே," என்றார்.

வெளியே வந்த அக்கா என்னைப் பார்த்ததும், "சாப்பிட்டியாடா?" என்றார்.

சுங்கை ஊடாங் ஊரில் அவருக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து, போலீஸ் நிலையத்தில் பத்தொன்பது நாள் இருந்த பெண் வேண்டாம் என்று தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதன்பின் அக்கா திருமணத்துக்கு இசையவில்லை. ஓய்வுபெறும்வரை பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தார். பிறகு பாச்சாங்கில் என் வீட்டில் என் மக்களை வளர்த்தார். அவர்களுக்கு அவர் அத்தை மட்டுமல்ல, இன்னொரு தாய்.

புதிரை அவர் விடவில்லை. தினமும் காலையில் பென்சிலோடு உட்கார்வார். ஆனால் என்னை மட்டும் எதுவும் கேட்கவில்லை. தெரியாத கட்டங்கள் வெறுமையாகவே கிடக்கும். நான் பத்திரிகையை வாங்கிப் பார்ப்பேன், விடை தெரியும், மடித்து வைத்துவிடுவேன். கேட்காத உதவியை எப்படிச் செய்வது என்பதற்கு எனக்கு விதி எதுவும் தெரிந்திருக்கவில்லை.

மருத்துவமனையில் கடைசிக்கு முந்தைய நாள் அக்கா என்னை அருகே அழைத்தார்.

"தம்பி, பன்னெண்டுக்கு வெட நாளைக்கு வரும்னு எழுதியிருந்தியே. வந்துச்சா?"

எந்தப் பன்னிரண்டு என்று நான் கேட்கவில்லை. "வந்துச்சுக்கா. பூசணி."

"என்னது?"

"பூசணி. தரையில படுத்திருக்கற குண்டன்னு குறிப்பு, மூணெழுத்து. நான் ஏதோ ஆளுன்னு நெனச்சிட்டேன்."

அக்கா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. "பூசணிக்காடா பத்தொம்பது நாளு?" என்றார். பிறகு, "எழுதிக் குடு. கீழ பேரும் போடு," என்றார்.

மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் செவிலியர் அதை எடுத்து என்னிடம் தந்தார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், துக்கத்தில் சோறாக்கிப் போட்ட பாச்சாங் அண்டைவீட்டாருக்கும், தூரத்திலிருந்து வந்து தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மணியம் அண்ணன் இன்று இல்லை. அவர் மகள் இந்த மலரைப் பெற வருவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மா, உன் அப்பா யாரிடமும் அனுமதி கேட்காமல் என் அக்காவுக்காக அடி வாங்கினார். அந்த நன்றியை அவரிடமே சொல்லியிருக்க வேண்டும். காலம் தாழ்த்திவிட்டேன்.

இதை எழுதியது நான்தான். பெயரைக் கீழே போட்டிருக்கிறேன், அக்கா.

தம்பி
மு. தணிகாசலம்
பாச்சாங், மலாக்கா