வாலைத் தொட்டுப் பார்த்தபோது

“…அசையலைன்னா செத்துப்போச்சுன்னு நீங்களா முடிவு கட்டாதீங்கண்ணே. இன்னும் தொட்டுப் பாக்கவே இல்ல.”

கருத்தரிப்பு ஆஸ்பத்திரியின் பாதி திறந்த லேப் கதவில் நின்று அந்தப் பெண் சொன்னார். தலையில் நீலத் தொப்பி, முகக்கவசம் தாடைக்கு இறங்கியிருந்தது. கருமுட்டையையும் விந்தணுவையும் சேர்க்கிற வேலை அவருடையது. பேச்சை வைத்து அலங்காநல்லூர்ப் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன். வேறு நேரமாக இருந்தால் எந்தத் தெரு, யார் வீடு என்று விசாரித்து அதற்குள் உறவே கண்டுபிடித்திருப்பேன். பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருப்பவன் நான். வாய்தான் எனக்கு முதல். அன்றைக்கு அந்த வாயில் எச்சில்கூட இல்லை.

காலையில் என் மனைவிக்கு மயக்கம் கொடுத்துக் கருமுட்டைகளை எடுத்துவிட்டார்கள். கோளாறு எனக்குத்தான். மற்ற ஆண்களுக்கு விந்தைக் கழுவிக் குழாயில் விட்டால், தெம்புள்ள அணுக்கள் தாமாக மேலே நீந்தி வருமாம், வந்ததை எடுத்துக்கொள்வார்களாம். என் விந்தில் அணுவே கிடையாது. அதனால் விதைப்பையில் ஊசி குத்தித் திசு எடுத்து அதற்குள் தேடினார்கள். கொஞ்சம் கிடைத்தது. கிடைத்த அத்தனையும் அசையாமல் கிடந்தது.

மயக்கம் தெளிந்ததும் மனைவி கேட்டது ஒன்றுதான். “இருந்துச்சா?”

இருக்கு என்றேன். அசையவில்லை என்பதைச் சொல்லவில்லை. தினமும் ஊசி போட்டதில் அவள் வயிறெல்லாம் கன்றிப்போயிருந்தது. இதுதான் கடைசி, இன்னொரு தடவை உடம்பு தாங்காது என்று வில்லாபுரத்தில் வீட்டைப் பூட்டும்போதே சொல்லியிருந்தாள். உயிருள்ளது கிடைக்காவிட்டால் வேறொருவருடைய அணுவை வைத்துச் சேர்க்கலாமா என்று டாக்டர் கேட்டதற்கும் இருவரும் வேண்டாம் என்றுவிட்டோம். ஆக, அந்தக் கதவுக்குப் பின்னால் ஒன்றாவது உயிரோடு இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அவள் படுத்திருந்த அறைக்கு நான் திரும்பிப் போய் என்ன முகத்தைக் காட்டுவது?

கதவை மூடப் போனவரை நிறுத்தினேன். மனைவியிடம்கூடச் சொல்லாத பயம் அது.

“தங்கச்சி, அசையாததுல இருந்து வர்ற பிள்ளை எந்திரிச்சு நடக்குமா?”

“விதைக்குள்ள இருந்து நேரா எடுத்ததுண்ணே, இன்னும் நீந்தப் பழகல. சோம்பேறின்னு வேணா திட்டுங்க. அதுக்காகப் பிள்ளை படுத்தே கெடக்காது.” “மொதல்ல உயிரோட ஒண்ணு சிக்கணும்” என்றார்.

பிறகு எப்படித் தொட்டுப் பார்ப்பார்கள் என்று விளக்கினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். காதில் ஏறியது ஊசி, வால் என்ற இரண்டு சொல்தான். கண்ணாடி வழியாக உள்ளே இருக்கும் டிவி தெரியும், மனசு தாங்கும் என்றால் பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நுனியைத் தொட்டுப் பார்ப்பது எனக்குத் தெரியாததா? கடைக்கு வருகிற பெண்கள் வெண்டைக்காயை அப்படித்தான் வாங்குவார்கள். நுனி படக்கென்று ஒடிந்தால் பிஞ்சு. வளைந்தால் முத்தல், கூடையிலேயே திரும்ப விழுந்துவிடும். ஒடித்துப் போட்டதை அப்புறம் யார் வாங்குவார் என்று ஒருநாள் ஒரு அக்காவைச் சத்தம் போட்டேன். “ஒம் பிள்ளை கையவா ஒடிச்சுப்புட்டேன்? வெண்டைக்காயத்தானப்பா” என்றார் அவர். தெரியாமல் சொன்னதுதான். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். மத்தியானம் சோறு இறங்கவில்லை.

டிவியில் எல்லாம் சாம்பல் நிறம். அறுந்த நூல்களைப் போல அங்கங்கே அணுக்கள். முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசி ஒன்று பக்கவாட்டில் நுழைந்து முதல் வாலைத் தள்ளியது. வால் விறைப்பாக, தலையோடு சேர்ந்து குச்சியாட்டம் நகர்ந்தது. நல்ல பிஞ்சு என்று மனசு துள்ளியது. அவர் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். அதுவும் குச்சிதான். அதையும் விட்டார். அதற்கடுத்ததையும். நல்லதையெல்லாம் ஒதுக்குகிறாரே, ஆள் தெரிந்துதான் செய்கிறாரா என்று கதவைத் தட்டக் கை போய்விட்டது. தட்டவில்லை. என் சத்தத்தில் அவர் கை நடுங்கிவிட்டால்?

தொட வேண்டியவை குறைந்துகொண்டே வந்தன. ஓரமாக ஒன்று தனியே கிடந்தது. ஊசி பட்டதும் அதன் வால் துவண்டு வளைந்தது. தலை இருந்த இடத்திலேயே இருந்தது. ஊசி விலகியதும் வால் மெல்லப் பழையபடி நிமிர்ந்தது.

முத்தல். இதுவும் போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

ஊசி நகரவில்லை. மறுபடி அதே வாலைத் தொட்டார். மறுபடி வளைந்தது, மறுபடி நிமிர்ந்தது. ஊசி முனை சற்று நேரம் அதன் பக்கத்திலேயே நின்றது. பிறகு அவர், செத்துக் குச்சியாக விறைத்துக் கிடந்த எதையும் திரும்பிப் பாராமல், உயிரோடு வளைந்து நிமிர்ந்த அந்த ஒன்றை மட்டும் வால் பக்கமாக ஊசிக்குள் மெதுவாக இழுத்துக்கொண்டார்.