கரும்பலகையில் என் லீவு லெட்டர்

ஐந்து வாக்கியம்தான் எழுதியிருந்தேன். என் மகளுக்குக் காய்ச்சல். அவளால் பள்ளிக்கு வர இயலாது. அவள் தந்தை கொழும்பில் இருக்கிறார். நான் தனியாக இருக்கிறேன். திங்கட்கிழமை அனுப்புகிறேன். பதினோராம் வகுப்புக்கு லீவு லெட்டர் இங்கிலீஷில்தான் தர வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் சட்டம். எங்கள் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம், ஐந்தாம் பாரத்தோடு, அதாவது பத்தாம் வகுப்போடு, என் படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அதன்பிறகு எனக்கு இங்கிலீஷ் எழுத வேலையே வந்ததில்லை. அவள் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே எழுதினேன். பிழை கிடையாது, அது நிச்சயம்.

திங்களன்று இங்கிலீஷ் வாத்தியார் அந்த ஐந்தையும் அப்படியே கரும்பலகையில் எழுதி, எல்லாம் சிம்பிள் சென்டென்ஸ், காம்ப்ளெக்ஸ் ஆக்கு என்று என் மகளையே எழுப்பியிருக்கிறார். 'பிகாஸ்' போட்டுக் காய்ச்சலையும் வராததையும் சேர்க்கலாம். 'ஹூஸ்' போட்டு மகளையும் கொழும்பில் இருக்கும் அப்பாவையும் சேர்க்கலாம். அவங்கம்மா தனியா இருக்கிறதை யாரோட சேர்க்கிறது என்று பின்பெஞ்சில் ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்திருக்கிறது. வாத்தியாரும்தான். அவளுக்குத் தெரியாத பாடமில்லை. ஆனாலும் மாட்டேன் என்று நின்றாள். பெற்றோர் வந்து மன்னிப்பு எழுதித் தந்தால்தான் இனி உள்ளே என்று அவளை வெளியே அனுப்பிவிட்டார்.

அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. வியாழக்கிழமை மதியம் பஸ் கண்டக்டர்தான் இறங்கி வந்து சொன்னார்.

"அக்கா, பாப்பா மூணு நாளா ஸ்கூல் ஸ்டாப்புல எறங்கல. மீமிசல் வரைக்கும் வருது, சாயங்காலம் அங்கிட்டிருந்தே ஏறுது. ஒங்களுக்குத் தெரியுமா?"

அதே பஸ்ஸில் ஏறி மீமிசல் கடற்கரைக்குப் போனேன். கருவாடு புரட்டும் பெண்களுக்குப் பக்கத்தில், மணலில் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்தடியில் கடல். பதினைந்து வயதுப் பெண், மூன்று நாள். நடந்ததையெல்லாம் அங்கேதான் சொன்னாள்.

"நீ வந்து மன்னிப்புக் கேக்கக் கூடாது ஆத்தா. அதான் சொல்லல."

அடுத்த வாரம் செலக்ஷன் பரீட்சை. அதை எழுதாதவர்களை அரசாங்கப் பரீட்சைக்கு அனுப்ப மாட்டார்கள். ஒரு வருஷம் போனால் அவளுக்குப் படிப்பே போய்விடும். பெண்ணுக்கு இவ்வளவு போதும் என்று சொல்ல என் புகுந்த வீட்டில் ஆள் காத்திருந்தது.

மறுநாள் இருவரும் போனோம். ஹெட்மாஸ்டர் என்னை உட்காரச் சொன்னார். வாத்தியார் ஜன்னலோரம் நின்றார்.

"பாடந்தாம்மா நடத்துனாரு. ஒங்க லெட்டரு அதுக்கு வசதியா அமஞ்சுபோச்சு," என்று ஹெட்மாஸ்டர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"பாடத்துக்குப் புஸ்தகம் இருக்கு சார். இது பிள்ள காய்ச்சல்ல கெடக்கையில நான் ஒங்களுக்கு எழுதுன கடுதாசி."

"நாலு வரி போதும்மா," என்றார் வாத்தியார். "ஒங்களுக்குத்தான் சின்னச் சின்னதா நல்லா வருதே."

நான் தமிழில் எழுதினேன். என் மகள் தவறு செய்யவில்லை, என் கடிதத்தைக் காட்டி வகுப்பைச் சிரிக்கவைத்ததுதான் தவறு, அவளை இன்றே வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஹெட்மாஸ்டர் படித்துவிட்டு, இது மன்னிப்பும் இல்லை, இங்கிலீஷும் இல்லை, செல்லாது என்றார்.

"செல்லாதுன்னு அதுலயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். டி.இ.ஓ. ஆபீஸ்ல காட்டிக்கிறேன்."

அந்த மாவட்டக் கல்வி அதிகாரி ஆபீஸ் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் பேனா மூடியைக் கழற்றினார். கொஞ்சம் யோசித்தார். திரும்ப மூடி, என் தாளை டிராயரில் போட்டுவிட்டு, அவளைப் பார்த்து, "கிளாசுக்குப் போம்மா," என்றார்.

செலக்ஷனில் அவள் பெயர் வந்துவிட்டது. ஆனால் வாத்தியார் அவள் நோட்டைத் தொடாமல் அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுகிறாராம். ஐந்தாம் பாரத்து இங்கிலீஷை வைத்துக்கொண்டு நானே சிவப்பு மையில் திருத்துகிறேன். மார்க் குறைந்தால் அது என்னால்தானோ என்று அவளிடம் ஒருநாள் கேட்டே விட்டேன்.

"கொறஞ்சாக் கொறயட்டும். நீ மொதல்ல அந்த நோட்ட இங்கிட்டுக் குடு, மூணாவதத் தப்பாத் திருத்தியிருக்கே," என்றாள்.