தங்கைக்குக் கொடுத்த ஆறு அடைகள்

அந்தப் பள்ளத்தாக்கில் தேன்காரக்காவைத் தெரியாதவர் கிடையாது. புருஷன் போன பிறகு நாற்பது தேன்பெட்டிகளை ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்தவள். மூடியைத் திறக்காமலே, பெட்டியில் காதை வைத்து, உள்ளே ராணி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். "அந்த மனுஷன் பேச்சைக்கூட இவ்வளவு உன்னிப்பாக் கேட்டதில்ல," என்று அவளே சிரிப்பாள்.

மேட்டுவீட்டில் இருந்த தங்கைக்கும் தேனீதான் பிழைப்பு. அந்த வருஷக் குளிரில் அவளுடைய பெட்டிகளில் பாதி வலுவிழந்துபோயின. தங்கை வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. அக்காவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. நாளைக்குத் தேனீயாகும் புழு நிறைந்த தேனடைகளாகப் பார்த்து ஆறு எடுத்து, கம்பளியில் சுற்றி, மூச்சிரைக்க மேடேறிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்று வாரம் போயிருக்கும். அக்காவின் பெட்டி ஒன்றிலிருந்து அழுகல் வாடை அடித்தது. அடையைத் தூக்கினால், மூடிய அறைகள் குழி விழுந்து கிடந்தன. ஒன்றில் குச்சியை விட்டு இழுத்தாள். புழு வரவில்லை. பழுப்பாக, பசைபோல, நூல் நீண்டு வந்தது. தொற்றுநோய் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

மூடி மறைத்திருக்கலாம். ஆனால் அன்றைக்கே தேனீ ஆய்வாளருக்குச் சொல்லியனுப்பினாள். அவர் வந்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தார்.

"புழு அழுகல் நோய். எரிக்கணும்மா."

"எத்தனை?"

"எல்லாத்தையும். ஒண்ணை விட்டாலும் ஊர் முழுக்கப் பரவிடும். யாருக்காவது அடை குடுத்தீங்களா?"

அவள் மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "என் தங்கச்சிக்கு."

பொழுது சாய்ந்து, தேனீக்கள் எல்லாம் கூடடைந்த பிறகு, குழி வெட்டித் தீ வைத்தார்கள். மெழுகு உருகி ஓடியது. மறுநாள் மேட்டில் தங்கையின் பெட்டிகள் எரிந்தன. நல்ல பெட்டிகளும் சேர்ந்தே போயின. அக்கா பக்கத்தில் போய் நின்றாள். தங்கை அழவில்லை, ஏசவில்லை.

"நான் கேட்டேனாக்கா?" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த வசந்தத்தில் சரிவெல்லாம் பூத்துக் குலுங்கியது. அடுத்த தோட்டக்காரர் ஒரு தேனீக் கூட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, "வெச்சுக்க, மறுபடி ஆரம்பி," என்றார்.

"வேண்டாண்ணே. என் கை பட வேண்டாம்."

தங்கை வீட்டை விற்றுவிட்டு மகனோடு நகரத்துக்குப் போய்விட்டாள் என்பதை, பஸ் டிரைவர் சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள். விலாசம் அவரிடமும் இல்லை.