டாட் காமுக்கு வைத்த பத்திரிகை

இணையதளத்துக்குத் திறப்பு விழாப் பத்திரிகை அடித்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு வீடாகப் போய் வைத்த குடும்பம் உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். ஆரணியில் புதுத் தறி போட்டாலும் பத்திரிகை, கடை திறந்தாலும் பத்திரிகை. டாட் காம் மட்டும் என்ன வானத்திலிருந்தா குதித்தது என்று என் மாமியார் கேட்டார். அன்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இன்று சிரிக்க முடியவில்லை.

கடை என் நாத்தனாருடையது. கல்யாணமாகி பெங்களூருக்குப் போனவள் ஒரு நாள் கைப்பையோடு மட்டும் வந்து நின்றாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, வாய் நிறைய "அத்த, அத்த" என்று கூப்பிடுகிற மாப்பிள்ளை, அவளை அடித்திருக்கிறார். தோள்பட்டையைத் திறந்து காயத்தைக் காட்டினாள். மாமியார் பார்த்தார், அழுதார், முந்தானையால் மூடிவிட்டார். பிறகு சொன்னார்: "தை வரைக்கும் இங்க இருக்கட்டும். அதுக்குள்ள அவரே வந்து கூப்ட்டா போயிடணும். எத்தினி நாளு இங்கியே குந்திகினு இருக்கறது?"

என் கணவர் வாயைத் திறக்கவில்லை. தங்கைமேல் உயிர்தான். ஆனால் வீட்டில் ஓடியது ஒரே ஒரு கைத்தறி. அது போதாமல் அவர் செய்யாறு கம்பெனி பஸ்ஸில் ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சொந்தமாக நாலு காசு வந்தால்தான் அவளால் அந்த வீட்டில் தலைநிமிர்ந்து சாப்பிட முடியும், தை வந்தாலும் போகமாட்டேன் என்று சொல்ல முடியும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இன்டர்நெட்டில் கடை போடலாம் என்று சொன்னது நான். பி.காம். படித்துவிட்டு அடுப்படியில் இருந்த கொழுப்பு. பஜாரில் ஒரு பிரௌசிங் சென்டர் இருந்தது. அதை நடத்தியவர் முப்பது வயதுக்காரர், ஊரில் கிரெடிட் கார்டு வைத்திருந்த சிலரில் ஒருவர். இணையத்தில் யாருக்கு எது வாங்க வேண்டுமானாலும் அவர் கார்டுதான். அவர் முதல் நாளே எங்கள் தலையில் தண்ணீரைக் கொட்டினார். "பட்டுப்பொடவ விக்கறேன்னு வராத ஆளே கெடையாதுக்கா. அந்தக் கும்பல்ல உங்கள யாரு தேடுவாங்க? ஒரே ஒரு பொருளு, வேற எவனும் விக்காத பொருளு, அத சொல்லுங்க."

அந்த ஒரு பொருளுக்காக நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டோம். களம்பூர் அரிசி என்றாள் அவள். மூட்டையைத் தபாலில் அனுப்புவாயா என்றேன் நான். பட்டுப் பாவாடை, பட்டுப் பை, பட்டு ரிப்பன் என்று அடுக்கினோம். எதைத் தட்டினாலும் முன்னாலேயே ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

வழி காட்டியது ஒரு அமெரிக்காக்காரம்மா. மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க எங்கள் தெருவுக்கு வந்தவர், போகும்போது தயங்கித் தயங்கி ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினார். அவர் வீட்டுப் பூஜையறையில் ஒரு முழ உயரத்தில் அம்மன். அம்மன் இடுப்பில் கட்டியிருந்தது ஜாக்கெட் துணி. "வெள்ளிக்கிழமையானா மனசு கேக்கலைங்க. இந்த அளவுக்கு ஒரு பட்டு கெடைக்குமா?" என்றார். நாத்தனார் நல்ல நெசவுக்காரி. தறியில் பாவு நூலைக் குறுகலாகப் பிணைத்து, கரை, முந்தானை, புட்டா எதையும் விடாமல் ஒரு குட்டிப் புடவை நெய்து கொடுத்தாள். அந்தம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். அவர் போனதும் நாத்தனார் என் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, இத மட்டும் விப்போம். சாமிக்குப் பொடவ. வேற எதுவும் வேணாம்."

பிரௌசிங் சென்டர்க்காரர் தேடிப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அதை விற்கிறவர் யாருமே அவர் கண்ணில் படவில்லை.

அடுத்தது கடைக்கு இணையத்தில் ஒரு பெயர். பெயரையும் மனை மாதிரி வளைத்துப் போடுவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. எங்கள் ஊர் பெயரோடு பட்டு சேர்த்து அடித்தால், போயிருந்தது. நாங்கள் கும்பிடும் சாமிகளின் பெயரெல்லாம் போயிருந்தது. படவேட்டு அம்மனை எவனோ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு வாங்கி வைத்திருக்கிறான், கடையும் போடவில்லை, சும்மா பூட்டி வைத்திருக்கிறான் என்று கேட்டதும் எனக்குப் பகீரென்றது. அம்மனுக்குமா பூட்டு?

கடைசியில் நாத்தனாரே ஒன்று சொன்னாள். காலமான என் மாமனார் அவளை ஒரு செல்லப் பெயர் வைத்துக் கூப்பிடுவார். அதோடு புடவை என்று சேர்த்தாள். அடித்துப் பார்த்தால், காலி! இரண்டு பேரும் சத்தம் போட்டுச் சிரித்ததில் பக்கத்து கம்ப்யூட்டர்க்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்பவே வாங்கிடட்டுமா? இன்னிக்கு காலியா இருக்குது, நாளைக்கு இருக்கும்னு கேரண்டி குடுக்க மாட்டேன்" என்றார் அவர்.

வாங்கியிருக்கலாம். ஆனால் அது ஆடி மாதம். விஷயத்தைக் கேட்ட மாமியார் கையை உதறினார். "ஆடியில எவனாவது தொழில் ஆரம்பிப்பானா? ஆவணி பொறக்கட்டும். நல்ல நேரத்துல, வெளக்கு ஏத்தி, நாலு பெரியவங்க முன்னால வாங்கலாம்." வீட்டில் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. கடையின் பெயர் கொட்டை எழுத்தில், கூடவே டாட் காம், நாள், நேரம், இடம் பிரௌசிங் சென்டர்.

முதல் பத்திரிகை சாமிக்கு. அடுத்தது சம்பந்தி வீட்டுக்கு.

"அவங்களுக்கா?" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

"சம்பந்திக்கு வெக்காம ஊருக்கு வெச்சா நாக்கு மேல பல்லு போட்டுப் பேசுவாங்கம்மா. அவரு வருவாரா என்னா? மொறைன்னு ஒண்ணு இருக்குதில்ல?" பெண்ணை அடித்தவன் வீட்டுக்கு மஞ்சள் தடவிய பத்திரிகை போனது. நாத்தனார் தறிக்குழியில் இறங்கினாள்.

ஆவணியில் அந்த நாள் வந்தது. பிரௌசிங் சென்டரில் நிற்க இடமில்லை. பெரியப்பா, சித்தப்பா, மாமன்மார்கள், பட்டு வியாபாரிகள் என்று எல்லோரும் வந்திருந்தார்கள். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்து, கீபோர்டு மேல் பூ வைத்து, கற்பூரம் காட்டியாகிவிட்டது. மாமியார் "ஜல்தி ஜல்தி, நேரம் போவுது" என்று அவசரப்படுத்தினார். சென்டர்க்காரர் பூவை ஒதுக்கிவிட்டுப் பெயரை அடித்தார். இன்னொரு தடவை அடித்தார். பிறகு திரும்பி என்னைத்தான் பார்த்தார்.

"அக்கா, பேரு போச்சு. யாரோ வாங்கிட்டாங்க."

கூட்டத்தில் யாரோ "அய்யய்யோ, அபசகுனம்" என்றார்கள். யாராக இருக்கும், எதற்கு ஒருவன் என் மாமனார் வைத்த செல்லப் பெயரை வாங்குவான் என்று நான் திகைத்து நிற்கும்போதே என் கணவரின் செல்போன் அடித்தது. எங்கள் வீட்டில் அப்போது அது ஒன்றுதான் செல்போன். எடுத்துக் காதில் வைத்தார். பேசி முடித்துவிட்டுத் தங்கையைப் பார்க்காமல் சொன்னார்.

"மாப்ள. அவருதான் வாங்கி வெச்சிருக்காராம். பேரு எங்கிட்ட பத்திரமா இருக்குது, அவள அனுப்பி வைங்க, பேரையும் குடுத்துடறேன்றாரு."

நேரம் பார்த்து அடித்திருக்கிறார். நேரத்தைத்தான் நாங்களே அச்சடித்து அனுப்பியிருந்தோமே.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்த நொடியில் வந்தது. கூட்டத்தின் முகம் மலர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மலர்ந்தது. "பாத்தியா, ஆச உட்டுப் போவல" என்றார் பெரியப்பா. "செலவு பண்ணி உம் பேர வாங்கியிருக்காருன்னா பாசம் இல்லாமயா?" என்றார் ஒரு மாமன். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "படவேட்டு அம்மாதான் கண்ண தொறந்துட்டா. பொறப்படும்மா, நல்ல நேரத்துலயே பேச்சு வந்திருக்குது." தட்டில் வெற்றிலை பாக்கு தயாராக இருந்தது. அப்படியே எடுத்து அவள் கையில் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவார்கள் போலிருந்தது.

நாத்தனார் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு சென்டர்க்காரர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நல்ல நேரம் இன்னும் இருக்குதாண்ணா?"

"இருக்குதும்மா."

"அப்போ எம் பேரும் வேணாம், சாமி பேரும் வேணாம். நான் இன்னா விக்கறனோ அதயே போடுங்க. குட்டிப் பொடவ."

அடித்தார். காலியாக இருந்தது. வாங்குபவர் விவரம் கேட்டது. முன்பு அவளுக்கு இமெயில் தொடங்கியபோது கொடுத்தபடியே அவள் பெயரை அடித்து, பின்னால் அவள் கணவர் பெயரையும் சேர்த்தார்.

"பின்னாடி இருக்கறத எடுத்துடுங்க. எங்கப்பா பேர போடுங்க."

"இன்னாடி பண்ற?" என்று மாமியார் அலறினார். அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"எம் பேர அவரு வெச்சிகினாரு இல்லம்மா? அவரு பேர நான் திருப்பிக் குடுத்துட்டேன். தையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

என் கணவர்தான் முதலில் அசைந்தார். தட்டிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து சென்டர்க்காரர் கையில் கொடுத்தார். "வாங்குங்க. எந்தங்கச்சி சொல்ற பேருக்கே வாங்குங்க." அவர் அப்படிப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. பெரியப்பா முணுமுணுத்துக்கொண்டே செருப்பைத் தேடினார்.

கடை மெதுவாகத்தான் பிடித்தது. முதல் ஆர்டரே அந்த அமெரிக்காக்காரம்மாவுடையது. பிறகு அவருடைய சிநேகிதிகள் கேட்டார்கள். இப்போது மலேசியா, லண்டன் என்று எங்கெங்கோ இருக்கும் அம்மன்களுக்கெல்லாம் எங்கள் தெருவிலிருந்து பட்டு போகிறது. தை வந்தது, போனது. மாமியார் அதற்குப் பிறகு மாதக் கணக்குச் சொல்லவில்லை.

அந்தப் பழைய பெயரை நான் இங்கே எழுதாததற்குக் காரணம் உண்டு. அது இன்னும் அந்த மாப்பிள்ளையிடம்தான் இருக்கிறது. நாத்தனார் ஒரு தடவைகூட அதைத் திறந்து பார்த்ததில்லை. நான்தான் பைத்தியக்காரி மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை அடித்துப் பார்க்கிறேன். ஒரு வெள்ளைப் பக்கம் வரும். கடை இல்லை, புடவை இல்லை, எழுத்து இல்லை. ஆனால் பெயரை விடவில்லை. ஒவ்வொரு வருஷமும் மறக்காமல் பணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார். இந்தப் பிடிக்குத்தான் அன்று ஒரு கூட்டமே பாசம் என்று பெயர் வைத்தது. வெற்றிலை பாக்கோடு அவளை அனுப்பிவைக்கவும் பார்த்தது.