காக்ஸ் டவுனில் ஞானஸ்நானம், அல்சூர் லாட்ஜில் ஞானத்தாய்

2006 ஜூலையில் நான் பெங்களூர் போனது ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. என் சித்தி மகள் ஸ்டெல்லாவின் குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம், நான்தான் ஞானத்தாய். எட்டாம் மாதத்திலேயே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குத் திணறி, அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்த குழந்தை. ஞானஸ்நான கவுனை ஞானத்தாய் வாங்கித் தருவது எங்கள் வழக்கம். நாலு கடை ஏறி இறங்கி வாங்கிய வெள்ளைக் கவுன் என் பெட்டியில் இருந்தது.

வியாழக்கிழமை காலை சென்னை சென்ட்ரலில் ரயில் ஏறினேன். ஜோலார்பேட்டை வருவதற்குள் தொண்டை கரகரத்தது. ஏசிதான் காரணம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மதியம் கன்டோன்மென்ட்டில் இறங்கும்போது உடம்பு அனலாய்க் கொதித்தது. ஸ்டெல்லா வீடு இருக்கும் காக்ஸ் டவுன் என்று ஆட்டோ ஏறியவள், குழந்தையை நினைத்து, பாதி வழியில் அல்சூரில் ஒரு லாட்ஜுக்கு விடச் சொன்னேன். மீட்டருக்கு மேல் பத்து ரூபாய் கேட்டார். சண்டை போடத் தெம்பில்லை, கொடுத்துவிட்டேன்.

லாட்ஜுக்கு எதிரிலேயே ஒரு கிளினிக். வைரஸ் காய்ச்சல், ஆன்டிபயாடிக் வேண்டாம், ஓய்வும் வெந்நீரும் போதும் என்றார் டாக்டர். குழந்தையைப் பற்றிச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். காய்ச்சல் விட்டாலும் இருமல் நிற்கும் வரை அந்தப் பக்கமே போகக் கூடாது என்றார்.

வெள்ளி முழுக்கப் போர்வைக்குள் கிடந்தேன். லாட்ஜில் இருப்பதைப் போனில் சொன்னதும், ஸ்டெல்லா சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்குக் காய்ச்சலை விடப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை அவள் மாமியார் தெரசா ஆன்ட்டி பிளாஸ்க்கோடு வந்து கதவைத் தட்டினார். மிளகு ரசம், அதில் ஒரு ஸ்பூன் பிராந்தி. அந்த வீட்டில் எல்லா நோய்க்கும் அதுதான் மருந்து. நான் கதவுச் சங்கிலியை எடுக்கவில்லை.

"நம்ம வூடு இருக்கசொல்ல லாட்ஜ்ல படுத்துனு இருக்கியேம்மா. சளிதானே? கெளம்பு. ஞானத்தாய் இல்லாம நின்னா சர்ச்சுல என்னா பேசுவாங்க?"

"பேசட்டும் ஆன்ட்டி. குழந்தைக்கு மூச்சு முட்டினா பேசுறவங்களா வந்து நிப்பாங்க?"

இடுக்கு வழியாகக் கவுன் பையை நீட்டினேன். இந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தும்மித் தீர்த்தேன், கொதிக்கும் வெந்நீரில் அலசி இஸ்திரி போடுங்கள் என்றேன். பையின் நுனியை மட்டும் பிடித்து வாங்கிக்கொண்டு, பிளாஸ்க்கைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். சொந்தம் அறுந்தது என்றே நினைத்தேன். ஆனாலும் பங்குச் சாமியாருக்குப் போன் செய்தேன். எனக்குப் பதில் வேறொருவர் குழந்தையைப் பிடிக்கலாம், ஞானத்தாயாக என் பெயரே எழுதப்படும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் இல்லை, இருமல் இருந்தது. சர்ச்சுக்கு வெளியே, மரத்தடியில், வாயில் கைக்குட்டையோடு நின்றேன். தெரசா ஆன்ட்டிதான் குழந்தையை ஏந்தியிருந்தார். வெந்நீரில் கவுன் சுருங்கி, கை முழங்கையோடு நின்றுவிட்டது. நாலு கடை ஏறியதற்கு நல்ல பலன்.

பூசை முடிந்து ஸ்டெல்லா தனியாக வெளியே வந்தாள். பத்தடி தள்ளியே நின்றாள்.

"அக்கா, வராதேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அத்தைக்கு முன்னாடி எப்படிச் சொல்லுவேன்? ரெண்டு நாளா தூங்கல. நீயே வராம நின்னுட்ட."

இருவரும் நின்ற இடத்திலேயே அழுதோம்.

கைக்குழந்தை வீட்டுக்குப் போகிறவர்களுக்கு: தொண்டை கரகரத்தால் ரயிலிலிருந்தே சொல்லிவிடுங்கள். கன்டோன்மென்ட்டிலிருந்து அல்சூர் இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான், லாட்ஜ் கிடைக்கும். பருத்திக் கவுன் என்றால் ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். வராதே என்று அந்த வீட்டார் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். சொல்ல மாட்டார்கள்.

திங்கட்கிழமை லீவு முடிந்தது. என் ஞானப்பிள்ளையைத் தூக்காமலேயே ரயில் ஏறினேன்.